அப்பாவோட பழைய ஸ்லைடுங்க: வீட்டுலயே ஸ்கேன் பண்றதா, வெளிய குடுக்குறதா?

நீங்க கேட்டது இதான்: அப்பா 1970கள்ல மேற்கு ஜெர்மனில வேலை பார்த்தப்ப எடுத்த கலர் ஸ்லைடு (ப்ரொஜெக்டர்ல போட்டு பாக்குற, சின்ன ஃப்ரேம்ல மாட்டுன ஃபிலிம்), ஊருக்கு வந்தப்புறம் எடுத்தது கொஞ்சம், எல்லாம் சேத்து சுமார் 800 பரண்ல கெடக்கு, பாதி அட்டை ஃப்ரேம், மீதி ப்ளாஸ்டிக், ஒரு டப்பா மட்டும் கண்ணாடி போட்டது. ஒரு ஸ்கேனர் வாங்கி நானே உக்காந்து பண்ணிடவா, இல்ல ஸ்லைடுக்கு இவ்ளோன்னு வாங்குற சர்வீஸ்ல குடுத்துடவா, எதுல நல்லா வரும்?

முடிவ முதல்லயே சொல்லிடுறேன். ஸ்கேனர் வாங்காதீங்க. வீட்டுல லென்ஸ் மாத்துற கேமரா, அது பத்து வருஷ பழசா இருந்தாலும் பரவால்ல, இருந்தா அதுலயே எடுங்க. இல்லன்னா வெளிய குடுங்க. ஆனா எந்த வழியா இருந்தாலும் 800ஐயும் பண்ணாதீங்க, முதல்ல உக்காந்து கழிச்சு கட்டுங்க, அந்த வேலைய மட்டும் எவ்ளோ காசு குடுத்தாலும் வேற யாரும் உங்களுக்கு செஞ்சு குடுக்க மாட்டாங்க.

கழிக்கிறதுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம். படம் ட்ரேஸ் பண்றதுக்குன்னு ஏ4 சைஸ்ல எல்இடி லைட் பேட் கெடைக்கும், ஸ்டேஷனரி கடைலயும் ஆன்லைன்லயும். ஸ்லைடு போடுற பாலிப்ரொப்பிலீன் கவர், ஒரு தாளுக்கு 20 ஸ்லைடு பிடிக்கும், அத வாங்கி ஒவ்வொரு டப்பாவையும் அதே வரிசைல அடுக்குங்க, வரிசைய கலைச்சிடாதீங்க, அப்பா அடுக்கி வச்ச வரிசைதான் எந்த படம் எந்த பயணத்துல எடுத்ததுன்னு பின்னாடி கண்டுபிடிக்க இருக்குற ஒரே துப்பு. மூக்க துளைக்கிற ப்ளாஸ்டிக் வாசனை அடிக்கிற பிவிசி கவர் வேண்டாம், அது நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி ஃபிலிம்லயே ஒட்டும். ஒரு தாள லைட் பேட் மேல வச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. 40 தாள், 40 போட்டோ, ஒரு மதியத்துல 800க்கும் ஒரு பட்டியல் கையில வந்துடும். இத வாட்ஸாப்ல அத்தை மாமாவுக்கெல்லாம் அனுப்பி "மூணாவது வரிசைல குடையோட நிக்கிறது யாரு"ன்னு கேக்கலாம், நாளைக்கு வெளிய குடுத்து ஏதாவது தொலைஞ்சா என்ன தொலைஞ்சதுன்னாவது தெரியும்.

அப்புறம் ஒரு லூப் (ஸ்லைடு பாக்குறதுக்குன்னே இருக்குற குட்டி பூதக்கண்ணாடி), இல்லன்னா பழைய 50எம்எம் லென்ஸ் ஏதாவது இருந்தா அத திருப்பி கண்ணுகிட்ட வச்சு பாருங்க, அருமையான பூதக்கண்ணாடி அது. ஃபோகஸ் போனது, ஒரே சீன அஞ்சு தடவ எடுத்தது, ப்ளேன் ஜன்னல் வழியா மேகம், மிருகக்காட்சி சாலைல கம்பிக்கு பின்னாடி ஒரு கரடி, இதெல்லாம் தள்ளுங்க. பொதுவா பாதிக்கு மேல கழியும். ஆளுங்க இருக்குற படத்த மட்டும், சுமாரா இருந்தாலும், வைங்க. கட்டடம் எல்லாம் எங்க போகப் போகுது, கொலோன் கதீட்ரல் இன்னைக்கும் அங்கயேதான் நிக்குது, அப்பாவ விட நல்லா எடுத்தவங்க ஆயிரம் பேரு, ஆனா அந்த கதீட்ரல் முன்னாடி கோட்டு போட்டுக்கிட்டு குளிர்ல நடுங்குற சித்தப்பா வேற எங்கயும் கெடைக்க மாட்டாரு.

இந்த நேரத்துலயே ஃப்ரேம்ல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாத்து ஃபிலிம் ரகம் பிரிச்சிடுங்க, ஏன்னா ஸ்கேன் பண்றப்ப ரகத்துக்கு ரகம் தலவலி வேற. கோடாக்ரோம்னா கலர் இன்னும் நேத்து எடுத்த மாதிரி இருக்கும். 1935ல வந்து 2009ல கோடாக் நிறுத்துன ஃபிலிம் அது, உலகத்துலயே கடைசியா அத டெவலப் பண்ண லேப் அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்துல பார்சன்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல இருந்துச்சு, 2010 டிசம்பர் 30ஓட ரோல் வாங்குறத நிறுத்திட்டாங்க. அதுல கலர் சாயம் ஃபிலிம்லயே இருக்காது, டெவலப் பண்றப்ப தான் உள்ள ஏத்துவாங்க, அதனால தான் இருட்டுல வச்சா அவ்ளோ காலம் நிக்குது. ப்ரொஜெக்டர்ல போட்டு போட்டு பாத்தா மட்டும் மத்த ஃபிலிம விட சீக்கிரம் வெளுக்கும், அதனால "ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ சுவத்துல போட்டு பாப்போம்"னு எல்லாம் கோடாக்ரோம்ல ஆசப்படாதீங்க. கண்டுபிடிக்கிறது சுலபம்: மங்கலா இருக்குற பக்கத்த வெளிச்சத்துல சாய்ச்சு பாருங்க, உருவம் மேடு பள்ளமா செதுக்குன மாதிரி தெரியும். அட்டை ஃப்ரேம்ல பெரும்பாலும் டெவலப் பண்ண மாசமும் வருஷமும் குத்தியிருக்கும், அது தங்கம், எழுதி வச்சுக்கோங்க. எடுத்த தேதி இல்ல அது, டெவலப் ஆன தேதி, அப்பா ரோல முடிக்க ஆறு மாசம் எடுத்துக்குற ஆளா இருந்தா அதுக்கேத்த மாதிரி கழிச்சுக்கணும்.

ஜெர்மனில எடுத்ததுல நெறைய அக்ஃபா சிடி18 ஃபிலிம் இருக்கும், அப்ப அங்க வீட்டுக்கு வீடு அதான். அது கோடாக்ரோம் அளவுக்கு தாக்கு பிடிக்காது. ஊருக்கு வந்தப்புறம் எடுத்ததுல ஓர்வோ இருந்தாலும் ஆச்சரியம் இல்ல, அது கிழக்கு ஜெர்மனில வோல்ஃபென் ஊர்ல பண்ணது, அக்ஃபாவோட பழைய ஆலை தான், நாடு ரெண்டானப்ப ஆலையும் அந்தப் பக்கம் போயிடுச்சு, 1964ல ஓர்வோன்னு பேர மாத்திக்கிட்டாங்க. கோடாக்கோட இன்னொரு ஃபிலிம், பழைய எக்டாக்ரோம்னா பாதி படம் செக்கச்செவேல்னு இருக்கும், நீலமும் பச்சையும் போயி சிவப்பு மட்டும் மிஞ்சி. இந்த மாதிரி கலர் போனதுங்க தான் அவசரம், இன்னும் போயிட்டு இருக்கும், இத முதல்ல எடுங்க. டப்பாவ திறந்ததும் வினிகர் நெடி அடிச்சா அந்த டப்பா அதுக்கும் முன்னாடி, ஃபிலிமோட அடிப்படலமே சிதைய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்.

சரி, ஸ்கேனர் ஏன் வேண்டாம்னு சொன்னேன். ஃப்ளாட்பெட் ஸ்கேனர், எப்சன் வி600 மாதிரி, ஒரு தடவைக்கு 4 ஸ்லைடு வைக்கலாம், டப்பா மேல 6400 டிபிஐன்னு (ஒரு அங்குலத்துக்கு எத்தன புள்ளிங்கற கணக்கு) போட்டிருக்கும். அந்த நம்பர நம்பாதீங்க. டெஸ்ட் சார்ட் வச்சு அளந்தவங்க கண்டது நிஜமான விவரம் சுமார் 1600 டிபிஐ அளவு தான். ஸ்லைடுல படம் 36க்கு 24 மில்லிமீட்டர், 1600ல கணக்கு போட்டா மூணரை மெகாபிக்சலுக்கு கொஞ்சம் கம்மி. 6400ல வச்சு ஸ்கேன் பண்ணா ஃபைல் தான் ஊதும், உள்ள சரக்கு அதே தான். போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டுக்கும் டிவில பாக்கவும் அது போதும்னு ஒருத்தர் சொன்னா நான் சண்ட போட மாட்டேன், ஆனா அதுக்கு காசு குடுத்து ஒரு மெஷின் வாங்கி வேற வேலைக்கு ஆகாம மேசைய அடைச்சுட்டு இருக்கணுமா? ப்ளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ மாதிரி ஃபிலிமுக்குன்னே இருக்குற ஸ்கேனர் நிஜமாவே நல்லா எடுக்கும், 7200ன்னு போட்டிருந்தாலும் 3200 சொச்சம் வரும், ஆனா ஒவ்வொண்ணா கையால தள்ளி தள்ளி வைக்கணும், ஒரு ஸ்லைடுக்கு நாலு நிமிஷம்னு வச்சா 800க்கு 53 மணி நேரம். ஆரம்பிக்கிற எல்லாரும் ரெண்டாவது டப்பாவுல நிறுத்திடுவாங்க, அப்புறம் அந்த ஸ்கேனரும் பரணுக்கு போயிடும். நிக்கான் கூல்ஸ்கேன் தான் இந்த வேலைக்கு ராஜா, 4000 டிபிஐ, ஆனா நிக்கான் அத விட்டு பல வருஷம் ஆச்சு, பழசா வாங்குனா ரிப்பேருக்கு ஆள் தேடணும். அப்புறம் ஸ்கிரீன் வச்ச குட்டி டப்பா மாதிரி ஸ்லைடு கன்வெர்ட்டர் விக்கிறாங்களே, 14 மெகாபிக்சல் 22 மெகாபிக்சல்னு, அது உள்ள இருக்குறது ஒரு சின்ன மலிவு கேமரா, ஜேபெக் மட்டும் குடுக்கும், வானம் எல்லாம் வெள்ளையா வெடிச்சிருக்கும். வாட்ஸாப்புக்கு ஓகே.

ஸ்கேனருக்குன்னு ஒரு நல்ல விஷயம் சொல்லணும்னா தூசி. டிஜிட்டல் ஐஸ்னு ஒரு வசதி, அகச்சிவப்பு கதிர விட்டு ஒரு தடவ பாக்கும், கலர் சாயத்துக்குள்ள அது பூந்து போயிடும், தூசி கீறல் மட்டும் மறைக்கும், எங்க மறைக்குதோ அங்க சாஃப்ட்வேர் நிரப்பிடும். கேமரால இது கிடையாது. ஆனா கோடாக்ரோம்ல அந்த கதிர் சாயத்துலயே கொஞ்சம் தடுமாறும், தூசின்னு நெனச்சு கண் இமை, மீசை ஓரம் எல்லாத்தையும் அழிச்சு வைக்கும், பெரும்பாலான மெஷின்ல கோடாக்ரோமுக்கு அத ஆஃப் பண்ண வேண்டியதா தான் இருக்கும். உங்க டப்பால பாதி கோடாக்ரோம்னா ஸ்கேனரோட பெரிய லாபமே பாதி போச்சு.

கேமரா வழிய கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஸ்லைடு பாசிட்டிவ், நெகட்டிவ் மாதிரி கலர திருப்பி போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், படத்த படம் எடுக்குறது தான் வேலை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரால (சென்சார் ஸ்லைடு சைஸ்லயே இருக்குறது) ஸ்லைடு ஃப்ரேம் முழுக்க நிறையுற மாதிரி எடுத்தா 4200 டிபிஐக்கு சமம், கூல்ஸ்கேன் அளவு வந்துடுச்சு. லென்ஸ் 1:1 மேக்ரோ, அதாவது ஸ்லைட சென்சார்ல அதே சைஸ்ல விழ வைக்கிறது, ஏபிஎஸ்-சி கேமரான்னா 1:1 கூட தேவையில்ல, சென்சார் சின்னதுங்கறதால 1:1.5 போதும். மேக்ரோ லென்ஸ் இல்லன்னா பழைய 50எம்எம் லென்ஸும் எக்ஸ்டென்ஷன் ட்யூபும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டுற குழாய்) போட்டு பண்ணலாம், ஓரம் கொஞ்சம் மசமசன்னு இருக்கும், லென்ஸ் துவாரத்த எஃப் 8, எஃப் 11க்கு மூடுனா சரியாகும். ஸ்லைட பிடிச்சுக்க நிக்கான் இஎஸ்-2 மாதிரி லென்ஸ் முன்னாடி திருகுற அடாப்டர் இருந்தா ரொம்ப சுகம், கேமராவும் ஸ்லைடும் ஒண்ணா ஆடும், அதனால ஆட்டமே தெரியாது. இல்லன்னா காப்பி ஸ்டாண்டுல கேமராவ கீழ பாத்து மாட்டி, கீழ லைட் பேட், அதுக்கு மேல கொஞ்சம் உசரத்துல ஸ்லைடு. அந்த உசரம் முக்கியம், ஸ்லைட லைட் பேட் மேலயே படுக்க வச்சா பேட்ல இருக்குற தூசியும் புள்ளியும் சேந்து ஃபோகஸ்ல வரும், டேப்லெட் ஸ்கிரீன வெளிச்சமா வச்சா பிக்சல் கட்டம் கட்டமா விழும். அஞ்சாறு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுவுல பால் வெள்ளை அக்ரிலிக் ஒண்ணு வச்சா ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் சிஆர்ஐ (கலர எவ்ளோ சரியா காட்டுதுங்கற மதிப்பெண்) 95க்கு மேலன்னு போட்ட எல்இடியா பாத்து வாங்குங்க, மலிவு எல்இடில சிவப்பு செத்துப் போயிருக்கும், முகம் எல்லாம் காமாலை வந்த மாதிரி தெரியும், அத பின்னாடி சரி பண்ணவே முடியாது.

கேமரா ஸ்லைடுக்கு நேரா பாக்குதான்னு தெரிஞ்சுக்க ஸ்லைடு இருக்குற இடத்துல முகம் பாக்குற சின்ன கண்ணாடி ஒண்ண வைங்க, வ்யூஃபைண்டர்ல லென்ஸோட பிம்பம் நட்ட நடுவுல தெரிஞ்சா நேரா இருக்குன்னு அர்த்தம். ரூம் லைட்ட அணைங்க. ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா தன் கை வைக்காம அப்படியே குடுக்குறது), ரெண்டு செகண்ட் டைமர், ஃபோகஸ பெருசு பண்ணி ஃபிலிமோட மணல் மணலான க்ரெயின்ல வைங்க, முகத்துல வைக்காதீங்க, அப்பா அன்னைக்கு முகத்துல ஃபோகஸ் விட்டிருந்தா நீங்க எவ்ளோ திருகுனாலும் வராது. எக்ஸ்போஷர் வெள்ளை சட்டை, வானம் வெடிக்காத அளவுக்கு. ஸ்லைடோட கருப்பு ரொம்ப அழுத்தம், அடர்த்தி 3.5ன்னா உள்ள விட்ட வெளிச்சத்துல மூவாயிரத்துல ஒரு பங்கு தான் அந்தப் பக்கம் வரும், அதனால இருட்டு நெறைய இருக்குற படத்துக்கு மட்டும் ரெண்டு ஸ்டாப் கூட்டி, அதாவது நாலு மடங்கு வெளிச்சத்துல, இன்னொண்ணு எடுத்துக்கோங்க. எங்க மாமாவோட ஒரு ஸ்லைடுல பனில கருப்பு ஓவர்கோட் போட்டு நிப்பாரு, கடைல ஸ்கேன் பண்ணி வந்த ஃபைல்ல அந்த கோட்டு ஒரு கரிக்கட்டை, தலை மட்டும் மேல ஒட்டி வச்ச மாதிரி. அதே ஸ்லைட ரெண்டு எக்ஸ்போஷர்ல எடுத்து சேத்தா கோட்டுல நாலு பட்டன், காலர் மடிப்பு, பாக்கெட்ல சொருகுன லெதர் க்ளவுஸோட விரல் வரைக்கும் வந்துச்சு. எல்லாமே அந்த ஃபிலிம்ல இருந்தது தான்.

ஒரு தடவ செட் பண்ணிட்டா ஒரு மணி நேரத்துல நூறுக்கு மேல ஓடும், ஸ்லைட மாத்துறதும் ப்ளோயர்ல தூசி ஊதுறதும் தான் வேலை. வாயால ஊதாதீங்க, எச்சி துளி விழுந்தா அது நிரந்தரம். துணி போட்டு துடைக்கவும் வேண்டாம். கண்ணாடி ஃப்ரேம் தான் வில்லன், ஃபிலிமுக்கு ரெண்டு பக்கம், ரெண்டு கண்ணாடிக்கு நாலு பக்கம், ஆக ஆறு பக்கம் தூசி, அதோட ஃபிலிம் கண்ணாடிய தொடுற இடத்துல எண்ணெய் மிதக்குற மாதிரி வானவில் வளையம் வளையமா விழும். பொறுமையா திறந்து ஃபிலிம எடுத்து கண்ணாடி இல்லாத ப்ளாஸ்டிக் ஃப்ரேம்ல மாத்துங்க. ஃபிலிம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க, அப்படியே வச்சு எடுத்துடுங்க, இழுத்தா படமே உரிஞ்சு வரும்.

பூசணம். நம்ம ஊர் பரண்ல 40 வருஷம் இருந்ததுக்கு பூசணம் இல்லன்னா தான் அதிசயம், சிலந்திவல மாதிரி கோடு கோடா ஓடியிருக்கும். தண்ணிய மட்டும் தொடாதீங்க, பூசணம் பிடிச்ச ஜெலட்டின் தண்ணி பட்டா கரைஞ்சு வழியும். ஃபிலிம் க்ளீனர் இல்லன்னா 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வேண்டாத ஸ்லைடு ஒண்ணுல முதல்ல போட்டு பாத்துட்டு. மேலோட்டமா இருந்தா போகும், உள்ள அரிச்சிருந்தா போகாது, அது ஸ்கேன் பண்ணப்புறம் கம்ப்யூட்டர்ல தான் ஒட்டுப்போடணும்.

இவ்ளோ படிச்சதும் "ஆள விடுங்கப்பா"ன்னு தோணுச்சுன்னா சர்வீஸ் தான் உங்களுக்கு சரி, அதுல ஒரு தப்பும் இல்ல. வெளிநாட்டுலயே இது பெரிய தொழில், ஸ்கேன்கஃபேன்னு ஒரு அமெரிக்க கம்பெனி அங்க மக்கள் அனுப்புன ஸ்லைட எல்லாம் பெங்களூருக்கு கொண்டு வந்து இங்க நம்ம ஆளுங்கள வச்சு ஒவ்வொண்ணா தூசி எடுத்து அனுப்பிட்டு இருந்துச்சு. நம்ம ஊர்ல பழைய ஸ்டூடியோக்காரங்க சிலர் கூல்ஸ்கேன இன்னும் ஓட்டுறாங்க, சிலர் கேமராவுக்கு மாறிட்டாங்க, சிலர் ஃப்ளாட்பெட்ல போட்டுட்டு ஹை ரெசல்யூஷன்னு பில் போடுவாங்க. அதனால என்ன மெஷின்னு நேரா கேளுங்க, பதில் சொல்ல தயங்குனா வெளிய வந்துடுங்க. இங்கயே பண்றீங்களா வேற எங்கயாவது அனுப்புவீங்களா, கோடாக்ரோமுக்கு தூசி நீக்குறத என்ன பண்ணுவீங்க, கண்ணாடி ஃப்ரேம திறப்பீங்களா, டிஃப் ஃபைல் (ஜேபெக் மாதிரி விவரத்த இழக்காதது) தருவீங்களா, நான் எழுதுன நம்பர் வரிசைலயே ஃபைல் பேர் வருமா, இத எல்லாம் காசு பேசுறதுக்கு முன்னாடி கேளுங்க, ஏன்னா இதுல பாதி எக்ஸ்ட்ரா சார்ஜுன்னு பின்னாடி சொல்லுவாங்க. லிங்க்ல வேண்டாம், ஹார்ட் டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ வாங்குங்க, லிங்க் ஒரு நாள் செத்துப் போயிடும்.

முக்கியமா ஆட்டோ கலர் கரெக்ஷன் போட வேண்டாம்னு எழுதியே குடுங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர் ஒரு கடைல குடுத்து வாங்குனாரு, ரைன் ஆத்துல சாயங்காலம் எடுத்த படம் எல்லாம் பட்டப்பகலா வந்திருந்துச்சு, மெஷின் ஆரஞ்சு வெளிச்சத்த தப்புன்னு முடிவு பண்ணி துடைச்சு எடுத்துடுச்சு, கேட்டா "கலர் நல்லா ஏத்தி குடுத்திருக்கோம் சார்"னு பதில்.

மொத்தத்தையும் ஒரே நேரத்துல குடுக்காதீங்க. பத்து ஸ்லைடு டெஸ்டுக்கு: ஒரு கோடாக்ரோம், ஒரு சிவந்து போனது, ஒரு இருட்டு படம், ஒரு கண்ணாடி ஃப்ரேம், பனி இருக்குற படம் ஒண்ணு, இப்படி கஷ்டமானதா பொறுக்கி குடுங்க. வந்த ஃபைல கம்ப்யூட்டர்ல 100 சதவீதத்துக்கு பெருசு பண்ணி பாருங்க, க்ரெயின் தெரியணும், பனில அடிச்சுவடு தெரியணும், எழுத்து இருந்தா கண்ணாடில பாத்த மாதிரி திரும்பாம இருக்கணும். திரும்பி வர்றது ரொம்ப சகஜம், பளபளப்பான பக்கத்துல இருந்து பாத்தா தான் படம் நேரா இருக்கும், அவசரத்துல மாத்தி வச்சிடுவாங்க. முடிஞ்சா கூரியர் போடாம கையில கொண்டு போய் குடுங்க, போட்டே ஆகணும்னா ரெண்டு பார்சலா, வேற வேற நாள்ல.

உங்க கேஸ்ல நான் என்ன பண்ணுவேன்னா, கழிச்சு கட்டுனப்புறம் 300 மிஞ்சுதுன்னு வைங்க, கேமரா இருந்தா ரெண்டு சனிக்கிழமைல எல்லாத்தையும் வீட்டுலயே முடிச்சுடுவேன். கேமரா இல்லன்னா 300ஐயும் சர்வீஸ்ல 4000 டிபிஐல. ஸ்லைடுக்கு 48 பிட் டிஃப்னா 128 எம்பி வரும், 300க்கு 38 ஜிபி, இன்னைக்கு அது ஒரு விஷயமே இல்ல. கழிச்ச 500ஐ தூக்கிப் போடாதீங்க, லைட் பேட்ல எடுத்த அந்த போன் போட்டோவே அதுக்கு போதும்.

ஃபைல் வந்ததும் தேதிய மாத்திடுங்க, இல்லன்னா போன் கேலரில அப்பாவோட கல்யாணம் போன வாரம் நடந்த மாதிரி காட்டும். எக்ஸிஃப்டூல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ஒரு ஃபோல்டர் முழுக்க ஒரே கமாண்டுல 1974ன்னு போட்டுடும். யாரு, எந்த ஊருங்கறத ஃபைலுக்குள்ளயே கேப்ஷனா தமிழ்லயே எழுதலாம், அத அப்பா பக்கத்துல உக்காந்து எழுதுங்க. ஒரிஜினல திரும்ப பரண்ல ஏத்தாதீங்க, படுக்கற ரூம் அலமாரில, சிலிக்கா ஜெல் போட்டு, அந்துருண்டை போடாம.

கண்ணாடி ஃப்ரேம் டப்பால பூசணம் எவ்ளோன்னு லைட் பேட்ல வச்சு ஒரு படம் எடுத்து போடுங்க, திறக்கலாமா வேண்டாமான்னு அத பாத்துட்டு சொல்றேன்.